சமையலறைச் சாமான், மாத்திரை அட்டை, ரூபாய் நோட்டு: பார்வை இல்லாதவர் போன் வைத்து அடையாளம் காண்பது எப்படி?

தாழம்பூ கேட்டது:

வணக்கம். அம்மாவுக்கு வயது 58. இரண்டு கண்ணிலும் பார்வை இல்லை. திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் டாக்பேக் நன்றாகப் பழகிவிட்டது. போன் பேசுவது, வாட்ஸ்அப் எல்லாம் தானே பார்த்துக்கொள்கிறார். சமையலும் அவர்தான். பகல் முழுக்க வீட்டில் தனியாக இருப்பார்.

சாமானை அடையாளம் காண்பதில்தான் சிக்கல். மிளகாய்த்தூள், மல்லித்தூள், சாம்பார் பொடி மூன்றும் ஒரே அளவு பாக்கெட். பார்கோடு காட்டினால் பாதிப் பொருளுக்கு "கிடைக்கவில்லை" என்று வருகிறது. படம் எடுத்துக் கேட்டால் ஒரே டப்பாவுக்கு இரண்டு தடவை இரண்டு பதில். மாத்திரை அட்டையில் தேதியைப் படிப்பதே இல்லை. காய்காரரிடம் 100 கொடுப்பதாக நினைத்து 500 நீட்டிவிடுகிறார்.

போன் ஆண்ட்ராய்டு 13, 4 ஜிபி ராம், என்எஃப்சி (போனை அருகில் வைத்தாலே ஸ்டிக்கரைப் படிக்கும் வசதி) கிடையாது. எந்த வேலைக்கு எந்த ஆப், போனை எப்படிப் பிடிப்பது, எங்கே தப்பாகப் போகும் என்று விவரமாகச் சொல்லுங்கள்.

ஆறுபுள்ளி:

முதலில் கேட்கும் நேரத்தை மாற்றுங்கள். எண்ணெய் காயும்போது போனை எடுத்து "இது என்ன?" என்று கேட்கும் நிலை வரவே கூடாது. கை ஈரம், முகத்தில் ஆவி, அடுப்பு எரிகிறது. மளிகைப் பையைப் பிரிக்கும் அன்றைக்கே உட்கார்ந்து ஒவ்வொரு சாமானையும் ஒரு தடவை ஆப்பில் காட்டி, பெயர் தெரிந்த கையோடு விரலுக்குத் தெரியும் அடையாளம் போட்டுவிட வேண்டும். அதன்பிறகு சமைக்கும்போது விரல் போதும். இப்படிச் செய்கிறவர்களுக்கு ஆப் மாதம் ஒரு மணிநேர வேலை. செய்யாதவர்களுக்குத் தினமும் போராட்டம்.

போன் பிடிக்கும் முறை. கேமரா லென்ஸ் போனின் நடுவில் இல்லை. பெரும்பாலான போன்களில் பின்பக்கம் மேல் மூலையில் மேடாக இருக்கும். போனின் நடுப்பகுதியைப் பொருளுக்கு நேராகப் பிடித்தால் பாதி எழுத்து படத்துக்கு வெளியே போய்விடும். அந்த மேட்டை விரலால் தொட்டுப் பழகச் சொல்லுங்கள். பாக்கெட்டை மேசையில் போட்டு, உள்ளே இருக்கும் பொடியைத் தட்டிச் சமமாக்கி, லென்ஸ் மேட்டைப் பாக்கெட்டின் நடுவில் வைத்துவிட்டு, போனை அப்படியே சாய்க்காமல் மேலே தூக்க வேண்டும். எழுத்துக்கு ஒன்றேகால் சாண், அதாவது 25 முதல் 30 செ.மீ. பார்கோடுக்கு அதில் பாதி போதும். 10 செ.மீ.க்குள் போனால் பல போன்களில் ஃபோகஸ் ஆகாது. முழங்கையை மேசையில் ஊன்றிக்கொண்டால் கை ஆடாது.

லென்ஸைத் தினமும் பருத்தித் துணியால் துடைக்க வேண்டும். சமையலறை போனில் எண்ணெய்ப் பசை படிந்திருக்கும். "ஆப் சரியில்லை" என்ற புகாரில் பாதி இதனால்தான். டியூப்லைட் தலைக்கு நேர் மேலே இருந்தால் பளபளப்பான பாக்கெட்டில் வெளிச்சம் பட்டுத் திருப்பி அடிக்கும். பக்கவாட்டில் ஜன்னல் வெளிச்சம் விழும் இடமே நல்லது.

ஆப்: மைக்ரோசாஃப்ட்டின் சீயிங் ஏஐ 2017இல் ஐபோனுக்கு வந்தது, ஆண்ட்ராய்டுக்கு 2023 டிசம்பரில். இலவசம். அதில் சிறு எழுத்து, ஆவணம், பொருள், நிறம், வெளிச்சம், பணம் என்று தனித்தனிப் பிரிவுகள். கூகுளின் லுக்அவுட் ஆண்ட்ராய்டில் மட்டும். எழுத்துக்கு இரண்டில் எதையும் வைத்துக்கொள்ளலாம். இரண்டையும் நிறுவி ஒரு வாரம் பார்த்துவிட்டு அம்மாவின் கைக்குப் பழகியதை வையுங்கள்.

பார்கோடு "கிடைக்கவில்லை" என்பது ஏன் என்று புரிந்துகொண்டால் கோபம் வராது. 13 இலக்கக் கோட்டில் பொருளின் பெயர் கிடையாது, எண் மட்டும்தான். அந்த எண்ணை இணையத்தில் உள்ள பட்டியலில் தேடித்தான் ஆப் பெயரைச் சொல்கிறது. 890 என்று தொடங்கினால் அந்த எண்ணை இந்தியாவில் பதிவு செய்திருக்கிறார்கள் என்று பொருள். பெரிய கம்பெனி சோப்பு, பிஸ்கட் பட்டியலில் இருக்கும். உள்ளூர் மசாலாக் கம்பெனி இருக்காது. சூப்பர்மார்க்கெட்டே பாக்கெட் போட்டு ஒட்டும் பருப்பு, ரவையில் எண் 2இல் தொடங்கும். அது அந்தக் கடையின் உள் எண். உலகத்தில் எந்த ஆப்புக்கும் அது தெரியாது. அதனால் மளிகைக்குப் பார்கோடை நம்பாதீர்கள், எழுத்தைப் படிக்க வையுங்கள். இந்தியாவில் விற்கும் உணவுப் பாக்கெட்டில் ஆங்கிலமோ இந்தியோ கட்டாயம் என்பதால், நம் பக்கத்து மசாலாப் பாக்கெட்டில்கூட ஆங்கிலப் பெயர் எங்காவது இருக்கும். தமிழ் எழுத்தைப் படிக்கத் தடுமாறும் ஆப்கூட அந்த ஆங்கிலத்தைப் பிடித்துவிடும்.

வெண்கோல்:

ஆறுபுள்ளி சொன்னதோடு சேர்த்து இரண்டு விஷயம். ஒன்று தேதி, இன்னொன்று படம் பார்த்துப் பதில் சொல்லும் ஏஐ.

தேதி ஏன் படிக்காது? பாக்கெட் முதலிலேயே அச்சாகி வருகிறது. தேதி மட்டும் ஆலையில் பாக்கெட் ஓடிக்கொண்டிருக்கும்போது மையைப் பீய்ச்சிப் புள்ளி புள்ளியாக அடிக்கப்படுகிறது. புள்ளிகளுக்கு நடுவே இடைவெளி இருப்பதால் 8, 3 ஆகிவிடும், 6, 8 ஆகிவிடும். அது போக, "தயாரித்த தேதி", "காலாவதி" என்ற தலைப்புகள் அச்சில் ஒரு பக்கம், எண்கள் வேறு பக்கம். ஆப் தலைப்பு எல்லாவற்றையும் முதலில் வாசித்துவிட்டுப் பிறகு எண்களை வரிசையாகச் சொல்லும். எது எதற்கு என்று குழப்பம் வரும். இரண்டு தேதி காதில் விழுந்தால் பிந்தியதுதான் காலாவதி. ஒரே தேதி விழுந்தால் அது பெரும்பாலும் பாக்கெட் போட்ட நாள். "6 மாதத்துக்குள் பயன்படுத்தவும்" என்ற வரி வேறெங்காவது இருக்கும், அதையும் தேடிக் கூட்டிப் பார்க்க வேண்டும்.

தேதி இருக்கும் இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? விலையைத் தேடுங்கள். எம்ஆர்பி, பேட்ச் எண், தேதி மூன்றும் பெரும்பாலும் ஒரே மெஷினில் ஒரே இடத்தில் அடிக்கப்படும். "ரூபாய்" என்று ஆப் சொல்லும் இடத்தில் கையை நிறுத்துங்கள். பாட்டிலில் கழுத்து அல்லது அடிப்பாகம், பொடிப் பாக்கெட்டில் மேலே ஒட்டிய ஓரம், அட்டைப்பெட்டியில் மடிப்பு மூடி. மூன்று தடவை படிக்க வைத்து இரண்டு தடவை ஒரே எண் வந்தால் எடுத்துக்கொள்ளலாம்.

ஏஐ விஷயம். பி மை ஐஸ் 2015இல் டென்மார்க்கில் தொடங்கியது. தன்னார்வலர் ஒருவர் வீடியோவில் வந்து நம் கேமராவைப் பார்த்துச் சொல்வார். அதிலேயே 2023 முதல் பி மை ஏஐ என்று படம் பார்த்து விவரிக்கும் பகுதியும் உண்டு. தமிழில் கேட்டால் தமிழில் பதில் சொல்லும். அலமாரியில் என்னென்ன இருக்கிறது, புடவை என்ன நிறம், கீழே விழுந்த மூடி எந்தப் பக்கம் உருண்டது, இதற்கெல்லாம் அருமை. ஆனால் எழுத்து சரியாகத் தெரியாவிட்டால் அது "தெரியவில்லை" என்று நிறுத்தாமல், இருக்கக்கூடிய ஒன்றை அழகாகச் சொல்லிவிடும். ஒரே டப்பாவுக்கு இரண்டு பதில் வருவது இதனால்தான். பெயர் போடாத டப்பாவில் இருக்கும் வெள்ளைப் பொடி உப்பா, சர்க்கரையா, சோடா உப்பா, அரிசி மாவா என்று எந்தப் படத்தாலும் சொல்ல முடியாது. அதை விரலும் மூக்கும்தான் சொல்ல வேண்டும்.

பினாயில், ஆசிட், பூச்சி மருந்துக்கு இந்த ஆப்பே வேண்டாம். அவை சமையலறைக்குள் வரவே கூடாது. குளியலறைப் பக்கம் தனி வாளியில், மூடியில் ரப்பர் பேண்டைக் குறுக்காகப் போட்டு வையுங்கள். தண்ணீர் பாட்டிலிலோ ஜூஸ் பாட்டிலிலோ ஊற்றி வைப்பதை வீட்டில் எல்லோரும் இன்றோடு நிறுத்த வேண்டும்.

தன்னார்வலரை அழைக்கும்போது ஏடிஎம் அட்டை, ஓடிபி, ஆதார் எதுவும் மேசையில் இருக்கக்கூடாது. கேமரா மேசை முழுவதையும் காட்டிவிடும்.

மருந்துப்பெட்டி:

மாத்திரைக்கு நல்ல வழி ஒன்று வந்திருக்கிறது, பலருக்குத் தெரியவில்லை. 2022 நவம்பர் 17இல் மருந்து விதிகளில் எச்2 என்ற அட்டவணையைச் சேர்த்தார்கள். அதில் உள்ள 300 பிராண்டுகளில், 2023 ஆகஸ்ட் 1 முதல் தயாரானவற்றில் பார்கோடோ க்யூஆர் கோடோ கட்டாயம். டோலோ, கால்பால், அலெக்ரா, ஷெல்கால், மெஃப்டால் எல்லாம் அந்தப் பட்டியலில் வருகிறவை. சோப்புக் கோடு மாதிரி வெறும் எண் கிடையாது. மருந்தின் பொதுப்பெயர், பிராண்ட், கம்பெனி, பேட்ச், தயாரித்த தேதி, காலாவதித் தேதி, உரிம எண் எல்லாம் அதிலிருந்து கிடைக்க வேண்டும் என்பது விதி. புள்ளி அச்சை ஆப் ஊகித்துப் படிக்கும் தொல்லை இதில் இல்லை.

கூகுள் லென்ஸிலோ சாதாரண க்யூஆர் ரீடரிலோ காட்டினால் சிலவற்றில் எழுத்தாகவே வரும், சிலவற்றில் இணையப் பக்கம் திறக்கும். சிலவற்றில் நீளமான எண் வரிசை வரும். பயப்பட வேண்டாம். அதில் 01க்குப் பிறகு பொருள் எண், 10க்குப் பிறகு பேட்ச், 17க்குப் பிறகு வரும் ஆறு இலக்கம் காலாவதி. ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசை. 17க்குப் பிறகு 270831 என்று வந்தால் 2027 ஆகஸ்ட் 31. டாக்பேக்கில் எழுத்து எழுத்தாக வாசிக்கும் முறைக்கு மாற்றிக் கேட்டால் தெளிவாக இருக்கும்.

அட்டையில் இடம் இல்லையென்றால் பார்கோடையோ க்யூஆரையோ வெளிப்பெட்டியில் போட விதி அனுமதிக்கிறது. அதனால் பெட்டியோடு கொடுக்கச் சொல்லிக் கேளுங்கள். கடையில் அட்டையை வெட்டி ஐந்து மாத்திரை கொடுத்தால் தேதி உள்ள பகுதி அவர்கள் கையிலேயே தங்கிவிடும். தேதியுள்ள பக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். வீட்டில் மாத்திரையை எப்போதும் தேதி இல்லாத முனையிலிருந்து உடைக்க வேண்டும். அந்த முனை எது என்று முதல் நாளே தெரிந்துகொண்டு, தேதி இருக்கும் மூலையில் செல்லோடேப் ஒட்டிவிடுங்கள்.

வெள்ளி ஃபாயில் பக்கம் எழுத்து படிக்காவிட்டால் டார்ச்சை அணையுங்கள். ஃபாயில் கண்ணாடி மாதிரி வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும். அட்டையை ஒரு புத்தகத்தின் மேல் வைத்து அழுத்திச் சுருக்கம் எடுத்து, போனைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தால் படிக்கும்.

அட்டையிலிருந்து பிரித்த ஒற்றை மாத்திரையை எந்த ஆப்பிலும் காட்டாதீர்கள். வெள்ளை வட்ட மாத்திரை நூறு வகை இருக்கிறது. காலை மாத்திரை அட்டைக்கு ஒரு ரப்பர் பேண்ட், இரவுக்கு இரண்டு. கண் சொட்டு மருந்தும் காது சொட்டு மருந்தும் ஒரே மாதிரிச் சின்னக் குப்பி. காதுக்குரியதில் நூல் சுற்றி, வேறு அறையில் வையுங்கள்.

தாழம்பூ:

மிக்க நன்றி. மாத்திரை விவரம் ரொம்ப உதவி. நோட்டுக்கு என்ன செய்வது? எங்கள் வீட்டில் எல்லாம் எவர்சில்வர் டப்பா. அதில் என்ன அடையாளம் போடலாம்?

சில்லறை:

நோட்டுக்கு ரிசர்வ் வங்கியின் மணி ஆப். 2020 ஜனவரி 1இல் வெளியிட்டார்கள். நிறுவிய பிறகு இணையம் வேண்டாம், அதனால் சந்தையிலும் வேலை செய்யும். முன்பக்கம், பின்பக்கம், பாதியாக மடித்தது, எதைக் காட்டினாலும் சொல்லும். எத்தனை ரூபாய் என்று பேசிச் சொல்லும், பேச்சு வேண்டாம் என்றால் அதிர்வு. கள்ள நோட்டா என்று மட்டும் சொல்லாது. சீயிங் ஏஐ, லுக்அவுட் இரண்டும் ரூபாய் படிக்கும். ஒரே நேரத்தில் ஒரு நோட்டு மட்டும் காட்ட வேண்டும். விரல் நோட்டின் நடுவை மறைத்தால் பதில் வராது, ஓரத்தில் பிடிக்கச் சொல்லுங்கள்.

100க்கும் 500க்கும் ஏன் குழப்பம் என்றால், புது வரிசையில் 100, 200, 500 மூன்றுக்கும் அகலம் 66 மி.மீ. நீளம் 142, 146, 150. படிக்குப் படி 4 மி.மீ.தான் வித்தியாசம். விரல் மட்டும் வைத்துச் சொல்வது கஷ்டம். பழைய வரிசை கலந்தால் இன்னும் மோசம். பழைய 10 ரூபாய் 137 மி.மீ., புது 50 ரூபாய் 135. பத்து ஐம்பதைவிட நீளம்! புது வரிசையில் தடவித் தெரியும் குறிகள் 100 முதல்தான் உண்டு. 100க்கு முக்கோணம், ஓரத்தில் நான்கு சாய்கோடு. 200க்கு எச் வடிவம், நான்கு கோடுகளுக்கு நடுவே இரண்டு வட்டம். 500க்கு வட்டம், ஐந்து கோடு. கசங்கிய நோட்டில் இவை தேய்ந்திருக்கும்.

அதனால் இதற்கும் ஆறுபுள்ளி சொன்ன முறைதான். பணம் வீட்டுக்குள் வந்த அன்றே மணியில் காட்டி மடித்து வைத்துவிட வேண்டும். 100 மடிக்காமல், 200 குறுக்கே ஒரு மடிப்பு, 500 நீளவாக்கில் ஒரு மடிப்பு. சில்லறைத் தாளுக்குத் தனிப் பை. காய்காரர் முன்னால் போனை நீட்ட வேண்டியதில்லை. அவர் தரும் மீதியை மட்டும் பர்ஸின் தனி அறையில் போட்டுவைத்து, வீட்டுக்குள் வந்து பார்த்துக்கொள்ளலாம்.

ஆறுபுள்ளி:

எவர்சில்வர் டப்பாவுக்கு: என்எஃப்சி ஸ்டிக்கர் வாங்குங்கள் என்று யாராவது சொல்வார்கள். உங்கள் போனில் அது இல்லை. இருந்தாலும் சாதாரண ஸ்டிக்கரை எவர்சில்வர் மேல் ஒட்டினால் படிக்காது. உலோகம் சிக்னலைத் தின்றுவிடும். உலோகத்துக்கென்று அடியில் ஃபெரைட் அடுக்கு வைத்த ஸ்டிக்கர் தனியாக உண்டு. பிறகு நல்ல போன் வாங்கும்போது பார்க்கலாம்.

இப்போதைக்குக் க்யூஆர் போதும். க்யூஆர் தயாரிக்கும் எந்த இலவச ஆப்பிலும் "எழுத்து" என்ற வகையைத் தேர்ந்து "துவரம் பருப்பு" என்று தமிழிலேயே அடியுங்கள். கணினிக் கணக்கில் தமிழ் எழுத்தின் ஒவ்வொரு உறுப்புக்கும் 3 பைட் ஆகும். "து" என்பது இரண்டு உறுப்பு, 6 பைட். "துவரம் பருப்பு" இடைவெளியோடு 40 பைட். அதற்குச் சின்னக் கோடே போதும். ஆனால் விலை, கடை, தேதி என்று நீட்டிக்கொண்டே போனால் கட்டங்கள் பொடிப்பொடியாகி மலிவான கேமராவில் படிக்காது. பெயர் மட்டும் போடுங்கள். 3 செ.மீ. சதுரத்துக்குக் குறையாமல், சுற்றிலும் வெள்ளை இடம் விட்டு அச்சடியுங்கள்.

ஒட்டுவது மூடியில். டப்பா உடம்பு வளைவு, கோடு வளைந்தால் படிக்காது. மேலே மங்கலான டேப், பளபளப்பு டேப் வேண்டாம். ஸ்டிக்கரின் ஒரு மூலையை வெட்டிவிட்டால் எங்கே ஒட்டியிருக்கிறது என்று விரலுக்குத் தெரியும். முக்கியமானது: மூடி மாறிப்போனால் எல்லாம் போச்சு. ஒரே அளவு டப்பா பத்து இருக்கும் வீட்டில் கழுவிக் கவிழ்க்கும்போது மூடி மாறும். டப்பாவின் அடியிலும் ஒன்று ஒட்டுங்கள், கழுவி எடுத்தவுடன் இரண்டையும் ஒத்துப் பார்க்கலாம்.

அஞ்சறைப்பெட்டிக்கு இது எதுவும் வேண்டாம். ஏழு கிண்ணமும் இடம் மாறாமல் இருந்தால் போதும். பெட்டியின் வெளிவிளிம்பில் ஒரு சொட்டு எம்-சீல் வைத்துக் காயவிடுங்கள், அதற்கு நேரே கடுகு. மற்றவை கடிகாரச் சுற்றில். வீட்டில் வேறு யாராவது சமைத்தால் பெட்டியைக் கழுவி அதே வரிசையில் வைப்பது அவர்கள் பொறுப்பு.

தாழம்பூ:

க்யூஆர் செய்து பார்த்தேன். திரையில் தமிழ் வருகிறது, டாக்பேக் மட்டும் பேசாமல் இருக்கிறது. இன்னொன்று: ஃபிரிட்ஜில் ஆவின் பால் பாக்கெட் இரண்டு வகை இருக்கும், நிறம் பார்க்கும் ஆப் தப்பாகச் சொல்கிறது.

வெண்கோல்:

பேச்சு மொழி ஆங்கிலத்தில் இருக்கும். ஆங்கிலக் குரல் தமிழ் எழுத்தைத் தாண்டிப் போய்விடும். அமைப்புகளில் அணுகல்தன்மைக்குள் எழுத்தைப் பேச்சாக்கும் பகுதிக்குப் போய், இன்ஜினாகக் கூகுள் பேச்சுச் சேவையையும் மொழியாகத் தமிழையும் வையுங்கள். குரல் கோப்பை ஒருமுறை வைஃபையில் இறக்கிக்கொள்ள வேண்டும். தமிழ்க் குரல் ஆங்கில எழுத்தையும் வாசிக்கும், உச்சரிப்பு மட்டும் நம்மூர் மாதிரி இருக்கும். சில கம்பெனி போன்கள் தங்கள் சொந்த இன்ஜினை வைத்திருக்கும், அதை மாற்றாமல் மொழியை மட்டும் மாற்றினால் பலிக்காது.

பால்: நீலம் சமன்படுத்தியது, பச்சை நிலைப்படுத்தியது, ஆரஞ்சு நிறைகொழுப்பு. பாக்கெட்டின் பெரும்பகுதியில் உள்ளே இருக்கும் பாலின் வெண்மைதான் தெரிகிறது, அதனால் ஆப் வெள்ளை என்றோ சாம்பல் என்றோ சொல்லும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்தவுடன் மேலே நீர் கோத்திருக்கும், அதுவும் கெடுக்கும். துணியால் துடைத்து, தட்டில் தட்டையாகப் போட்டு, நிறத்தை விட்டுவிட்டு எழுத்தைப் படிக்க வையுங்கள். பால் காலையில் வரும்போது வாங்குகிறவரே ஒரு வகையின் மூலையில் துணி கிளிப் மாட்டி வைத்தால் அதுவும் வேண்டாம்.